சுண்ணாம்புக்காரத் தெருவின் அரை ஆள்

"எண்ணூறு வீட்டையும் நான் ஒருத்தன் எப்படிம்மா கேட்டு முடிக்கிறது?" என்றான் தாண்டவன்.

சொக்கம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எண்ணூறையும் யார் கேக்கச் சொன்னா?"

"ஊர் என்ன நினைக்குதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னீங்களே."

"நாப்பது வீட்டைக் கேளும்."

"எந்த நாப்பது?"

"ஊர் மாதிரி இருக்கிற நாப்பது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கீரைத் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

மடத்துக்குத் தலைவி சொக்கம்மை. தாண்டவனைவிடப் பத்து வயதாவது இளையவர். தாடி நரைத்த ஒரு மனிதன் தன்னிலும் சின்னவர் முன்னால் கைகட்டி நிற்பது ஊருக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. அவர் அவனிடம் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். அந்த மரியாதை சில நேரம் நிஜம், சில நேரம் குட்டு. எது எப்போது என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கோடையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. மிச்சம் இருந்தது மலையடியில், மடத்து மதிலுக்குள் இருந்த சுனை ஒன்றுதான். நாள் முழுக்கக் கதவு திறந்து கிடந்தது. முந்திக்கொண்டவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் பாறை தெரிந்துவிடும்.

இனி நாளுக்கு ஒரு முறைதான் கதவைத் திறப்பது, வீட்டுக்கு இரண்டு குடம்தான் என்று சொக்கம்மை முடிவு செய்திருந்தார். திறப்பது காலையிலா, பொழுது சாய்ந்த பிறகா? அதை ஊரைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று விட்டார்.

கேட்டுவர ஆள் வேண்டும். மடத்தில் கணக்குத் தெரிந்தவன் தாண்டவன் ஒருவன்தான். மடத்துக்கு வருமுன் வடக்கே ஒரு மண்டிக்கடையில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன். தனக்குக் கணக்குத் தெரியும் என்பது அவனுக்கு ரொம்பவும் நன்றாகத் தெரியும்.

அன்று மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டான்.

"முடிஞ்சுதும்மா. நாப்பது வீடு. எல்லாரும் காலைலதான் வேணும்ங்கிறாங்க."

"எந்தத் தெரு?"

"கடைத்தெரு."

"நாப்பதுமா?"

"நாப்பதும்."

"மத்த தெருவெல்லாம் எப்பக் காலியாச்சு?"

தாண்டவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கடைத்தெரு பக்கத்தில் இருக்கிறது. பந்தல் போட்டிருக்கிறது. அதோடு அங்கே குற்றாலிங்கம் அண்ணாச்சி விசிறி கொடுத்து உட்காரச் சொன்னார். இதை எல்லாம் அம்மையிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

"நாளைக்குச் சரியாக் கேட்டுட்டு வரேன்" என்றான்.

மறுநாள் காலை மரத்தடியில் மணலைத் தட்டிச் சமமாக்கினான். புளியங்கொட்டைகளைக் குவித்துக்கொண்டான்.

ஊரில் ஐந்து தெரு. திருவிழா வரிக்காக எண்ணின கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். உழவர் தெருவில் முந்நூற்றுத் தொண்ணூறு வீடு. நெசவுத் தெருவில் இருநூற்றுப் பத்து. கடைத்தெருவில் நூற்று முப்பது. குயவர் தெருவில் அறுபது. ஊருக்கு வெளியே ஓடைக்கு அந்தப்பக்கம் சுண்ணாம்புக்காரத் தெரு. அதில் பத்தே பத்து வீடு.

எண்ணூறில் நாற்பது என்றால் இருபது வீட்டுக்கு ஒரு வீடு. பெரிய தெருவில் அதிகம் கேட்க வேண்டும், சின்னத் தெருவில் குறைவாகக் கேட்க வேண்டும். ஊர் எப்படி இருக்கிறதோ அந்த அளவிலேயே நாற்பதும் இருக்க வேண்டும். அம்மை சொன்னது இதுதான் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதில் ஒரு உற்சாகமே வந்துவிட்டது.

ஒவ்வொரு தெருவையும் இருபதால் வகுத்தான்.

உழவர் பத்தொன்பதரை. நெசவு பத்தரை. கடை ஆறரை. குயவர் மூன்று. சுண்ணாம்புக்காரர் அரை.

கூட்டிப் பார்த்தான். சரியாக நாற்பது. ஆனால் அரைகள் இடித்தன.

ஆளைப் பாதியாக வெட்டிப் பாதியை மட்டும் கேட்க முடியாது. நான்கு அரையையும் முழுசாக்கினால் நாற்பத்திரண்டு ஆகிவிடும். நான்கையும் விட்டால் முப்பத்தெட்டுத்தான். ஆக, இரண்டு அரையை முழுசாக்க வேண்டும், இரண்டை விட்டுவிட வேண்டும்.

எந்த இரண்டு? கணக்கு அதைச் சொல்லவில்லை.

தாண்டவன் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். உழவர் தெருவை இருபதாக்கினான். பெரிய தெரு, போகட்டும். நெசவுத் தெருவைப் பதினொன்றாக்கினான். கடைத்தெருவின் அரையை விட்டான். நேற்று நாற்பதையும் அங்கேயே கேட்டவன் இன்று அங்கேயே கையை வைத்தது அவனுக்கே நியாயமாகப் பட்டது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சுண்ணாம்புக்காரத் தெருவின் கொட்டையைப் புறங்கையால் தள்ளினான்.

தள்ளும்போது நெஞ்சு லேசாயிற்று. ஏன் லேசாயிற்று என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை நின்றிருக்கும்.

வெயில் தாழுமுன் நான்கு தெருவையும் கேட்டு முடித்துவிட்டான். அம்மை முன் வந்து நின்றான்.

"உழவர் தெருவுல இருபது, நெசவுத் தெருவுல பதினொண்ணு, கடைத்தெருவுல ஆறு, குயவர் தெருவுல மூணு. மொத்தம் நாப்பது. குயவர் மூணு பேருக்கும் சாயங்காலம். மத்த முப்பத்தேழு பேருக்கும் காலை."

"சுண்ணாம்புக்காரத் தெரு?"

"அதுக்கு அரை ஆள்தாம்மா வந்துச்சு."

"யாரு வந்தா?"

"வரலை. கணக்குல வந்துச்சு. அரை ஆளை எப்படிக் கேக்கிறது?"

"உழவர் தெருவுல எவ்வளவு வந்துச்சு?"

"பத்தொம்பதரை."

"அந்த அரை ஆள் எப்படிப் பேசினான்?"



"அதை... அதை முழுசாக்கிட்டேன்."

"நெசவுத் தெருவுல?"

"அங்கேயும் ஒரு அரை. அதையும் முழுசாக்கினேன். ஆனா கடைத்தெரு அரையை விட்டுட்டேம்மா. ஓரவஞ்சனை இல்லை."

சொக்கம்மை எழுந்து அடுக்களைக்குப் போனார். இரண்டு வெற்றிலையோடு வந்தார். ஒன்று முழு வெற்றிலை. இன்னொன்று கிழிந்து துண்டாகக் கிடந்தது. முழு வெற்றிலையின் ஓரத்தைக் கிள்ளினார்.

"இது என்ன?"

"வெத்திலை."

துண்டை எடுத்து அதே அளவு கிள்ளினார். கையில் காம்புதான் மிஞ்சிற்று.

"இது?"

தாண்டவன் காம்பைப் பார்த்தான்.

"ரெண்டு இடத்திலயும் ஒரே அளவுதான் கிள்ளினேன்" என்றார் சொக்கம்மை. "ஓரவஞ்சனை இல்லை."

அவனுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் விடவில்லை. கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தோற்க மனம் வராது.

"சரிம்மா. அந்தத் தெருவுல ஒருத்தரைக் கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அவங்க சாயங்காலம்னுதான் சொல்லுவாங்க. ஒரு ஆள் கூடுது. முடிவு மாறவா போகுது?"

"அவங்க சாயங்காலம்னு சொல்லுவாங்கன்னு உமக்கு எப்படித் தெரியும்? நீர் கேக்கவே இல்லையே."

தாண்டவனின் கை தாடிக்குப் போயிற்று.

"யாரு ஜெயிக்கிறதுன்னு கேட்டு வரவா அனுப்பினேன்?" என்றார் அவர். "எனக்குத் தெரியாதது ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டு வரத்தான் அனுப்பினேன்."

"கணக்கு அப்படி வந்துடுச்சும்மா."

"கணக்கு நாலு அரையைக் கொண்டுவந்து உம்ம முன்னால வச்சது. அதுல ரெண்டைப் பொறுக்கினது யாரு?"

மரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போயிற்று.

"இப்பப் போய்க் கேட்டு வாரும்" என்றார்.

"வேற யாரையாவது அனுப்பலாமா அம்மா? எனக்கு முட்டி வலி."

"நாலு தெரு நடந்தப்ப வலிக்கலையா?"

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாண்டவன் பிறந்ததே சுண்ணாம்புக்காரத் தெருவில்தான்.

சுக்காங்கல்லைக் காளவாசல் என்ற சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக நீற்றுகிறவர்கள் அவனுடைய ஆட்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா பிச்சம்மா. விவரம் தெரியாத வயதில் அவனை வடக்கே மண்டிக்கடைக்கு அனுப்பியவளும் அவள்தான். தம்பி கையாவது வெந்துபோகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். அங்கே முதலாளி வெகுநாள்வரை அவனைக் கல்லாப்பெட்டியைத் தொட விட்டதில்லை. சுண்ணாம்புப் பயல் என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெயரைத் தோலில் இருந்து உரித்துப்போட அவனுக்குப் பல வருஷம் பிடித்தது. உரித்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவும் அவனுக்குப் பயம்.

தாடியோடு இந்த ஊருக்குத் திரும்பியபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

"மேற்கே. கடைக்காரங்க குடும்பம்" என்றான்.

வாயில் வந்துவிட்டது. வந்ததை அவன் திரும்ப எடுக்கவில்லை. குற்றாலிங்கம் அண்ணாச்சி அன்றிலிருந்து அவனை நம்ம ஆள் என்று சொல்ல ஆரம்பித்தார். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சுனைக்குத் தண்ணீர் எடுக்க அந்தி நேரத்தில் வருகிற பெண்களில் பிச்சம்மாவும் உண்டு. அவளைப் பார்த்தால் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அன்று ஓடையைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காளவாசலில் இருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் தலையிலிருந்து கால்வரை வெளுத்திருந்தார்கள். கண் மட்டும் சிவந்திருந்தது.

மடத்துச் சாமி தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரு பெண் தலைத்துண்டை அவிழ்த்தாள். கசமுத்து என்ற பெரியவர் ஓடிவந்து கும்பிட்டார்.

"சாமி, எங்க தெருவுக்கா வந்திய?"

"ஆமாம்."

"வழி தெரியாம வந்துட்டியளோன்னு நினைச்சேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அப்படித்தான் நினைத்தார். அதுதான் தாண்டவனை என்னவோ செய்தது.

"ஒரு விஷயம் கேக்கணும்" என்றான்.

"நின்னுட்டே கேக்கவா? பிச்சம்மா வீட்டுல கட்டில் கெடக்கு. வாங்க சாமி."

வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. பெரியவர் முன்னால் நடந்தார். தெருவே பின்னால் வந்தது.

பிச்சம்மா வாசலில் நின்றிருந்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள். ஒரே ஒரு முறைதான்.

அந்தப் பார்வையில் அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வரிசையில் நின்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"வாங்க சாமி" என்றாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மடத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் வீட்டுக்காரர் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். இந்தக் கோடையில் மற்ற நான்கு தெருவிலும் அதை ஒரு பாவனையாக ஆக்கிவிட்டார்கள். வெறும் செம்பைக் காலருகே சாய்த்துக் காட்டிக் கும்பிட்டார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுண்ணாம்புக்காரத் தெருவுக்கு மடத்து ஆள் யாரும் வந்ததே இல்லை. பாவனை போதும் என்று அவர்களுக்குத் தெரியாது.

பிச்சம்மா உள்ளே போய்ச் செம்போடு வந்தாள். செம்பு நிறைந்திருந்தது. குனிந்தாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதை எப்படிச் சொல்வது? எல்லாப் பெண்களையும் அம்மா என்று கூப்பிடுவதுதான் மடத்து முறை. அவளை அம்மா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். அவன் யோசித்துக்கொண்டே நின்றான்.

அதற்குள் தண்ணீர் காலில் விழுந்துவிட்டது.

அவள் இரண்டு கையாலும் அவன் கால்களைத் தேய்த்துக் கழுவினாள். வெந்து வெடித்த கைகள். கழுவி முடித்து முந்தானையால் துடைக்க வந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்குள் ஒரு பிள்ளை, "ஆச்சி, தண்ணி" என்றது.

"செத்த பொறு" என்றாள் பிச்சம்மா.

அவ்வளவு வெட்கத்தை அவன் மண்டிக்கடையில்கூடப் பட்டதில்லை. அங்கே பட்டதெல்லாம் பிறர் கொடுத்தது.

"கேளுங்க சாமி" என்றார் கசமுத்து.

அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"காலைலன்னா நாங்க இருக்க மாட்டோமே" என்றார் பெரியவர். "விடியறதுக்கு முந்தியே காளவாசல்ல கல் அடுக்கணும். பொம்பளையளும் வந்திருவாங்க. திரும்பி வர இந்நேரம் ஆயிரும். இப்பமே பாருங்க, நாங்க சுனைக்கு வாறதுக்குள்ள அடியில கலங்கல்தான் கெடக்கு. துணியில வடிகட்டி வச்சுக்கிடுதோம்."

"காலைலன்னு முடிவானா என்ன செய்வீங்க?"

பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"காளவாசல் பக்கத்துல ஒரு உப்புக் கிணறு இருக்கு. பிள்ளைய குடிச்சா வயித்தால போகும். பழகிக்கிடணும். வேறென்ன?" பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நீங்க வந்து கேட்டியள்லா, அதுவே பெருசு சாமி. இதுவரைக்கும் எங்களை ஒருத்தரும் எதுவும் கேட்டதில்ல."

இதற்குப் பதில் அவர் அவனை அடித்திருக்கலாம்.

கூட்டத்தில் ஒரு இளவட்டம் கேட்டான். "சாமிக்கு எந்த ஊரு? முகத்தைப் பாத்தா நம்ம சாடை தெரியுதே."



"கூறுகெட்டவனே" என்றாள் பிச்சம்மா. "சாமிக்கு மேற்க. கடைக்காரங்க குடும்பம். ஊருக்கே தெரியும். நம்ம சாடையாம்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவன் சொன்ன பொய்யை அவள் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எங்கேயோ கேட்டு, அவனுக்காக மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

அவன் கும்பிட்டுவிட்டு எழுந்தான். அப்போதும் சொல்லவில்லை. ஓடைப் புழுதியில் இறங்கி நடந்தான்.

மடத்தில் விளக்கேற்றியிருந்தார்கள். சொக்கம்மை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"காலைல அவங்களால வர முடியாதும்மா. விடியறதுக்கு முந்தியே வேலைக்குப் போயிடறாங்க. தண்ணி கிடைக்காது. உப்புத் தண்ணிதான் குடிக்கணும்."

"இது நாப்பது பேர்ல யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"காலையில திறந்திருந்தா எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சே இருக்காதும்மா."

அம்மை தலையை ஆட்டினார். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

"காலெல்லாம் சேறா இருக்கு. ஊர்ல சொட்டுத் தண்ணி இல்லை. சேறு எங்க மிதிச்சீர்?"

தாண்டவன் தன் காலைப் பார்த்தான். ஈரத்தில் புழுதி அப்பி, காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"கால் கழுவி விட்டாங்க."

"நிஜமாவா?"

"ஒரு செம்பு. குடிக்க வச்சிருந்த தண்ணி."

"நீர் வேணாம்னு சொல்லலையா?"

"சொல்லலை."

"ஏன்?"

அவன் காலில் இருந்த சேற்றைப் பார்த்தான். அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, உதவியும் செய்யவில்லை.

"என்னன்னு கூப்பிட்டுச் சொல்றதுன்னு தெரியலை" என்றான். "அது எங்க அக்கா."

சொக்கம்மை ஆச்சரியப்பட்டாரா என்று தெரியவில்லை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயதான மனிதன் ஒருவன் மணலில் உட்கார்ந்து அழுதான். அவர் அழட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அவர் எழுந்து உள்ளே போனார். மடத்துக் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தார். நிறைகுடம்.

"ஊருக்குக் காலையிலயே திறப்போம். முக்கால்வாசிக்கு மேல அதைத்தான் கேக்குறாங்க. பொழுது சாஞ்ச பிறகு அந்தப் பத்து வீட்டுக்கு மட்டும் நீர் கதவைத் திறந்துவிடும். இருபது குடம் மிச்சம் வச்சிருந்தாப் போதும்."

"அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன்னு ஊர் என்னைக் கேக்குமேம்மா."

"கேக்கும்."

"நான் என்ன சொல்லட்டும்?"

"பதில் தெரியாமயா கேக்குறீர்?"

தாண்டவன் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வாசலில் இறங்கியவன் திரும்பி நின்றான்.

"மலையடி வழியாப் போனா யாரும் இருக்க மாட்டாங்க. கொஞ்சம் சுத்து. கடைத்தெரு வழியாப் போனா..."

அம்மை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அவன் பேசியது அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

அவன் தோளில் குடத்தைச் சரிசெய்துகொண்டான். மலையடிப் பாதையில் இரண்டு எட்டு வைத்தான். பிச்சம்மா வீட்டுக்குள் பிள்ளை தண்ணி கேட்டது நினைவுக்கு வந்தது. சுற்றிப் போனால் நேரமாகும். அது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். திரும்பிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தான்.

புழுக்கத்துக்குத் தெருவே வெளியில் இருந்தது. கடைக்காரர்கள் கட்டிலை வாசலில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். தோளில் குடத்தோடு வருகிற சாமியைப் பார்த்துப் பேச்சு ஒவ்வொரு கட்டிலாக நின்றுகொண்டே வந்தது. குடம் தளும்பி முதுகில் வழிந்தது.

குற்றாலிங்கம் அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"என்ன சாமி இது, நம்ம ஆளு குடம் தூக்கலாமா? கடைப் பையனை அனுப்ப மாட்டேனா? யாருக்குத் தண்ணி?"

"எங்க அக்காவுக்கு" என்றான் தாண்டவன்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

"அக்காவா! மேற்க இருந்து வந்திருக்காங்களா? சொல்லவே இல்லையே. எப்ப வந்தாக?"

நேற்று என்று சொன்னால் போதும். அண்ணாச்சியே மேற்கொண்டு ஒரு குடம் கொடுத்து அனுப்புவார். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

தாண்டவன் குடத்தை இறக்கவில்லை.

"அவ எங்கயும் போகலை, அண்ணாச்சி. ஓடைக்கு அந்தப்பக்கம், சுண்ணாம்புக்காரத் தெருவுலதான் இருக்கா. நான்தான் போயிட்டேன்."